கவரைப்பேட்டையில் ரயில் மோதினால் விசாரணை, பைக் மோதினால் கவனக்குறைவு

பேப்பர்ல அஞ்சு வரி வந்திருந்தது. நின்றிருந்த லாரி மீது பைக் மோதி வாலிபர் பலி, அதிவேகமே காரணம். அவ்வளவுதான். அந்த வாலிபர் எங்க பக்கத்து ஷெட்டில் வேலை பார்த்த பையன். செகண்ட் ஷிப்ட் முடிச்சிட்டு ராத்திரி வீட்டுக்குப் போயிட்டிருந்தான். அதிவேகமாம்! அவன் வண்டியைப் பார்த்தவன் யாரும் அப்படிச் சொல்ல மாட்டான். அறுபதைத் தொட்டாலே ஹேண்டில்பார் உதற ஆரம்பிச்சிடும்.

நம்ம ஊர்ல விபத்துன்னா டிரைவரைக் கூண்டுல ஏத்துவோம், செத்தவனையும் சேர்த்து ஏத்துவோம். ரோட்டை மட்டும் ஒருநாளும் ஏத்தறதில்லை. இதைப் பத்தி ரொம்ப நாளா எழுதணும்னு இருந்தேன். இன்னைக்குக் கடுப்புல எழுதறேன், கொஞ்சம் சூடா இருந்தா பொறுத்துக்குங்க.

2024 அக்டோபர் 11 ராத்திரி எங்க கவரைப்பேட்டையில நடந்தது ஞாபகம் இருக்கும். மைசூருலேர்ந்து தர்பங்கா போற பாக்மதி எக்ஸ்பிரஸ், மெயின் லைன்ல போக வேண்டியது லூப் லைனுக்குள்ள புகுந்து, அங்க நின்னுட்டிருந்த சரக்கு ரயில் மேல மோதிடுச்சு. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. உடனே ரயில்வே பாதுகாப்பு ஆணையர் விசாரணை. அவர் ரயில்வே அமைச்சகத்து ஆள் கூட இல்லை, விமானப் போக்குவரத்து அமைச்சகத்துக்குக் கீழ வர்றவர். தன் தப்பைத் தானே விசாரிக்கக் கூடாதுன்னு அப்படி ஒரு ஏற்பாடு. சிக்னல் என்ன காட்டுச்சு, பாயின்ட் எப்படி மாறுச்சு, நட்டு போல்ட்டை யாராவது கழட்டினாங்களான்னு எல்லாத்தையும் துருவினாங்க. "டிரைவர் வேகமா வந்தார், கேஸ் முடிஞ்சது"ன்னு யாரும் மூட்டை கட்டலை.

தண்டவாளத்துக்குப் பக்கத்துலயே சென்னை-கொல்கத்தா ரோடு ஓடுது. இப்ப நம்பர் 16, எங்களுக்கு இன்னும் என்.ஹெச். அஞ்சுதான். செங்குன்றம், காரனோடை, தச்சூர், கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி, எளாவூர், அப்புறம் ஆந்திரா. துறைமுகத்துக் கன்டெய்னர், இரும்புச் சுருள் ஏத்தின டிரெய்லர், கம்பெனி பஸ், ஷேர் ஆட்டோ, மீன் கூடை கட்டின டிவிஎஸ் 50 எல்லாம் ஒரே ரோட்டுல. அங்க அதேமாதிரி ஒருத்தன் நிக்கிற வண்டி மேல மோதினா ஒரே வார்த்தையில முடிஞ்சிடும். 2022-ல இந்தியாவுல ரோட்டுல செத்தவங்க 1,68,491 பேர். மத்திய அரசோட அறிக்கையில பத்துல ஏழு சாவுக்கு எழுதியிருக்கற காரணம் அதிவேகம். ரோட்டுல என்ன கோளாறுன்னு பார்த்துட்டா அப்படி எழுதறாங்கன்னு நினைக்கறீங்க?

சரி, கணக்குக்கு வருவோம். அறுபது கிலோமீட்டர் வேகம்னா ஒரு செகண்டுக்கு கிட்டத்தட்ட 17 மீட்டர். ஆபத்தைப் பார்த்து, மூளைக்கு உறைச்சு, கால் பிரேக்குக்குப் போக இரண்டரை செகண்டுன்னு ரோடு போடற இன்ஜினியர்களே கணக்கு வெச்சிருக்காங்க. அதுக்குள்ள 42 மீட்டர் போயிடும். வண்டி முழுசா நிக்க 80 மீட்டர் வேணும்னு இந்திய சாலைக் காங்கிரஸ் விதியே சொல்லுது. டிம் லைட்ல, எதிர்ல வர்ற லாரி வெளிச்சம் கண்ணுல அடிக்கறப்ப, புழுதி படிஞ்ச டிரெய்லரோட பின்பக்கம் அம்பது மீட்டர்ல தெரிஞ்சா அதிர்ஷ்டம். அதாவது அவன் அறுபதுல வந்திருந்தாலும் அடிச்சுத்தான் இருப்பான்.

டிரெய்லர் ஓட்டினவரையும் திட்ட முடியலை. முறை வர்ற வரைக்கும் கம்பெனி கேட்டுக்குள்ள விடமாட்டாங்க. அதுவரைக்கும் அவர் தலையில தூக்கி வெச்சுக்குவாரா வண்டியை? லாரி நிறுத்த தனி இடம், ரோட்டோரத்துல பளிச்சுன்னு வெள்ளைக் கோடு, வெளிச்சம் பட்டா மின்னற பூனைக்கண், ஓரம் தாண்டினா டயர் கடகடன்னு அதிர்ற பட்டை, இதெல்லாம் ராக்கெட் விஞ்ஞானமா? பூனைக்கண்ணை இங்கிலாந்துல ஒருத்தர் 1934-லயே காப்புரிமை வாங்கிட்டாரு ஐயா.

போர்டு கதை இன்னும் மோசம். முன்னாடி வளைவு இருக்கு, கிராமத்து ரோடு சேருதுன்னு சொல்ற முக்கோணத்து மேல ஒரு பிறந்தநாள் ஃபிளெக்ஸ் சிரிச்சிட்டிருக்கும். அடுத்த யூ-டர்ன் எங்கன்னு போர்டு இல்லை, இருந்தாலும் ரெண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும். பால் வாங்கப் போறவன் ராங் சைடுல வராம என்ன செய்வான்? திருவள்ளூர் பக்கம் உள்ரோட்டுல போனா ஸ்பீடு பிரேக்கர். விதிப்படி பத்து சென்டிமீட்டர் உயரத்துக்கு 3.7 மீட்டர் அகலம் வேணும், நாப்பது மீட்டர் முன்னாடி எச்சரிக்கைப் பலகை வேணும். நம்மூர்ல பெயின்ட் கூட அடிக்காம குட்டிச்சுவர் மாதிரி ஒண்ணு. முதுகெலும்பு எண்ணிக்கை சரிபார்க்க உதவும் :-)

"ஒழுங்கா ஓட்டினா ஒண்ணும் ஆகாது"ன்னு சொல்ல ஒரு கூட்டம் ரெடியா இருக்கும். ஹெல்மெட் போடணும், குடிச்சிட்டு ஓட்டக் கூடாது, எல்லாம் சரி. ஆனா இதே நம்மாளு சிங்கப்பூர்ல கோடு தாண்டாம ஓட்டறானே, ஏரோபிளேன்ல ஏறினதும் ரத்தம் மாறிடுதா? சுவீடன் நாடாளுமன்றம் 1997-லயே ஒரு முடிவு எடுத்துச்சு. மனுஷன்னா தப்பு பண்ணத்தான் செய்வான், அந்தத் தப்புக்கு உயிர் போகாத மாதிரி ரோடு போடறது ரோடு போடறவன் பொறுப்பு. நாமளோ தூங்காத, களைக்காத, தடுமாறாத டிரைவருக்காக ரோடு போட்டு வெச்சிருக்கோம். அப்படி ஒரு டிரைவர் இன்னும் பொறக்கலை.

சட்டம் இல்லாம இல்லை. 2019-ல மோட்டார் வாகனச் சட்டத்துல 198ஏ-ன்னு ஒரு பிரிவு சேர்த்தாங்க. ரோட்டை வடிவமைச்சவர், கட்டினவர், பராமரிக்கிறவர் விதிமுறையை மீறி அதனால ஆள் செத்தா தண்டனை உண்டு. எவ்வளவு? அதிகபட்சம் ஒரு லட்ச ரூபாய் அபராதம். டிரைவர் கவனக்குறைவால ஆள் செத்தா அஞ்சு வருஷம் வரைக்கும் ஜெயில். தராசு எந்தப் பக்கம் சாயுதுன்னு நீங்களே பாருங்க. அந்த ஒரு லட்சத்துக்காவது, எஃப்.ஐ.ஆர். எழுதறப்ப அந்த இடத்துல கோடு இருந்ததா, விளக்கு எரிஞ்சதா, போர்டு இருந்ததான்னு மூணு கேள்வி கேட்டு எழுதச் சொல்லுங்க. ஒரே இடத்துல மூணாவது ஆள் சாகும்போதாவது யாருக்காவது உறுத்தும்.

நேத்து ஷிப்ட் முடிச்சு வரும்போது பார்த்தேன். பையன் போன அதே இடத்துல, பிரேக்டவுன் ஆன வேற ஒரு லாரி. பின்னாடி ஒரு வேப்பங்கொப்பு, சுத்தி நாலு கல்லு. காலையில போறப்ப லாரி இல்லை. கல்லு நாலும் ரோட்டுலயே கிடந்தது.