மிதிவெடித் தடை: ஐரோப்பா விலகுகிறது, இலங்கை தோண்டி எடுக்கிறது

எஸ்டோனியா, லாட்வியா, லித்துவேனியா, பின்லாந்து, போலந்து ஆகிய ஐந்து நாடுகள் 2025ஆம் ஆண்டில் மிதிவெடித் தடை ஒப்பந்தத்திலிருந்து விலகுவதாக ஐ.நா.வுக்குக் கடிதம் கொடுத்தன. ரஷ்யா மீதான அச்சமே காரணம். வேப்பனப்பள்ளியில் இருக்கும் நமக்கு இதில் என்ன என்று கேட்கலாம். நமது கிருஷ்ணகிரி மாவட்டத்திலேயே இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் உள்ளன. அங்குள்ள பெரியவர்களிடம் மிதிவெடி என்று சொல்லிப் பாருங்கள், விளக்கம் தேவைப்படாது.

1997இல் ஒட்டாவாவில் கையெழுத்தாகி, 1999 மார்ச் 1 முதல் நடைமுறையில் உள்ள ஒப்பந்தம் இது. ஆட்களைக் குறிவைக்கும் மிதிவெடியைச் செய்வதும் சேமிப்பதும் புதைப்பதும் கூடாது. புதைத்ததை 10 ஆண்டுகளுக்குள் அகற்ற வேண்டும்.

இலங்கையில் இரு தரப்பும் புதைத்தன. புலிகள் தாங்களே செய்த 'ஜொனி' வெடியைப் புதைத்தார்கள். இராணுவம் புதைத்தவற்றில் பாகிஸ்தானில் தயாரான 'பி4' உண்டு. உடல் முழுக்க பிளாஸ்டிக், உள்ளே இரும்பு மிகக் கொஞ்சம். கருவிக்கு எளிதில் சிக்காது. முஸ்லிம் நாட்டில் செய்தது என்பதால் அதற்கு நம்மிடம் தனிச்சலுகை எதுவும் இல்லை.

1990 அக்டோபரில் வடக்கிலிருந்து சுமார் 75,000 முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றினார்கள். மக்களை இப்படி இடம்பெயரச் செய்வதை ஜெனீவா உடன்படிக்கைகளின் 1977ஆம் ஆண்டு இரண்டாம் நெறிமுறை தடுக்கிறது. இலங்கை அதில் சேரவில்லை, இந்தியாவும் சேரவில்லை. 2009க்குப் பிறகு மன்னாரின் முசலிக்குத் திரும்பிய குடும்பங்கள் வீடு கட்டுவதற்கு முன் மண்ணில் வெடி தேட வேண்டியிருந்தது.

ஷாமுக்குப் புறப்பட்ட படைக்கு அபூபக்ர் (ரலி) அவர்கள் சொன்ன கட்டளைகள் நாம் அறிந்தவை. பெண்கள், குழந்தைகள், முதியோரைக் கொல்லக்கூடாது, கனிமரங்களை வெட்டக்கூடாது. மிதிவெடிக்கு இந்த வேறுபாடு எதுவும் தெரியாது. நமது பக்கத்து மாந்தோப்பு ஒன்றில் அது கிடந்தால், இன்று புதைத்தவன் இறந்த பிறகும் காய் பறிக்கப் போகிறவரின் காலை எடுக்கும்.

இந்தியாவும் ஒட்டாவா ஒப்பந்தத்தில் இல்லை. கருவியில் கண்டறிய முடியாத மிதிவெடிகளைத் தடுக்கும் 1996ஆம் ஆண்டு நெறிமுறையை மட்டும் ஏற்றுள்ளது. 2001 நாடாளுமன்றத் தாக்குதலுக்குப் பின் ராஜஸ்தான், பஞ்சாப் எல்லை வயல்களில் புதைத்தவற்றில் கால் இழந்தவர்கள் நமது விவசாயிகள்தாம்.

சிறிய ஐரோப்பிய நாடுகளின் பயம் பொய்யல்ல. ரஷ்யா, அமெரிக்கா, சீனா மூன்றும் இந்த ஒப்பந்தத்தில் ஒருபோதும் சேரவில்லை. ஆனால் போரில் இருக்கும் நாடு விலக நினைத்தாலும், அந்தப் போர் முடியும் வரை விலகல் செல்லாது என்று ஒப்பந்தமே சொல்கிறது. அதனால்தான் உக்ரைன் 2025இல் 'இடைநிறுத்தம்' என்றது. அப்படி ஒரு வழி ஒப்பந்தத்தில் இல்லை. ஆபத்து வரும்போது கழற்றி வைக்கலாம் என்றால், அதில் கையெழுத்திட்டதன் பொருள்தான் என்ன?

இலங்கை 2017 டிசம்பர் 13 அன்று சேர்ந்தது. கெடு 2028 ஜூன் 1. யாழ்ப்பாண வாயிலான முகமாலை மண்ணை அங்குலம் அங்குலமாகச் சோதித்தவர்களில் போரில் கணவரை இழந்த பெண்களும் உண்டு. பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவதை ஈமானின் கிளையாக நபி (ஸல்) அவர்கள் எண்ணியதை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. முகாமிலிருந்து ஊர் திரும்ப எண்ணுபவர்கள், காணி உறுதியைத் தேடும்போதே, அந்தக் காணி வெடி அகற்றப்பட்டு ஒப்படைக்கப்பட்டதா என்பதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.