மூச்சு விட ஒரு துவாரம்



வெயிலும் மழையும் பழகிய நாம் பனிக்கட்டியை ஐஸ் பெட்டியில்தான் பார்க்கிறோம். ஆனால் குளிர்நாடுகளில் பனியையே குடைந்து, அதற்குள் புகுந்து உயிர் பிழைக்கிறார்கள். வியப்பாக இல்லையா?

1930-இல் ஆங்கிலேய ஆராய்ச்சிக் குழு ஒன்று, கிரீன்லாந்தின் உறைபனி மேட்டில் வானிலையைக் கவனிக்கக் கூடாரம் அமைத்தது. டிசம்பரில் அங்கே இருவருக்குப் போதுமான உணவில்லை. அகஸ்டின் கோர்ட்டோல்ட் என்ற 26 வயது வாலிபர் தாம் மட்டும் தங்குவதாக முன்வந்தார். பனி பெய்துகொண்டே இருந்தது. மார்ச்சில் வாசல் அடைபட்டது. எண்ணெய் குறையக் குறைய, பெரும்பாலும் இருளிலேயே கிடந்தார். ஏறக்குறைய ஆறு வாரம்!

1931 மே 5-ஆம் தேதி, குழுத் தலைவர் ஜினோ வாட்கின்ஸ் தேடி வந்தார். பனிக்கு மேல் ஒரு கிழிந்த கொடியும் கூடாரத்தின் காற்றுக் குழாயும் தெரிந்தன. குழாய் வழியே குரல் கொடுத்தார். உள்ளிருந்து பதில் வந்தது!

அந்தச் சிறு குழாய்தான் அவர் உயிரைக் காத்தது. பனிக்குள் காற்று அடைபட்டிருப்பதால், அது கம்பளிபோல் குளிரைத் தடுக்கும். ஆனால் மூச்சின் ஈரம் உட்சுவரில் உறைந்து, சுவரைக் கண்ணாடிபோல் மூடிவிடும். பிறகு காற்று ஏது?

ஆகவே பனிக்குடிலில் அகப்பட்டவர் செய்ய வேண்டியவை இவை: கூரையில் துவாரமிட்டு, அடிக்கடி குச்சியால் குத்தி அடைப்பை நீக்க வேண்டும். மண்வெட்டியை உள்ளேயே வைத்துக்கொள்ள வேண்டும். வெளியே அடையாளமாகக் கொடி கட்ட வேண்டும். வெறும் பனியில் உட்காரக் கூடாது. பையையோ மரக்கிளையையோ கீழே பரப்ப வேண்டும். வியர்க்கும்படி வேலை செய்தால் ஈர உடையே பகையாகும். அடுப்பு மூட்டினால் துவாரத்தைப் பெரிதாக்கி, சமையல் முடிந்ததும் அணைத்துவிட வேண்டும். தலை வலித்தாலோ கிறுகிறுத்தாலோ முதலில் அடுப்பை அணைத்துக் காற்றுக்கு வழிசெய்ய வேண்டும்.

ஏனென்றால் அடைபட்ட இடத்தில் எரியும் அடுப்பு கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுக் காற்றைக் கக்கும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும்.

தாய்மார்களே, இந்த நச்சுக்குப் பனிநாடு, நம் நாடு என்ற பேதமில்லை. அடைமழை என்று கதவு சன்னலைச் சாத்திவிட்டு, உள்ளே கரியடுப்பை எரியவிட்டுப் பிள்ளைகளைத் தூங்க வைக்காதீர்கள். மின்சாரம் நின்றால் ஜெனரேட்டரை வீட்டுக்குள் ஓட்டாதீர்கள்.

குளிரைப் போர்வையால் வெல்லலாம். கெட்ட காற்றை வெல்லத் திறந்த சன்னல்தான் வேண்டும்.