ஒரு விரலுக்கு எத்தனை விசை?

"வாயால் சொன்னால் செல்போனே எழுதிவிடுகிறதே, பிறகு எதற்கு டைப்பிங்?" வீடு வீடாகப் போய் மாற்றுத்திறன் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தருகிற என்னிடம் விவரம் தெரிந்தவர்களே இப்படிக் கேட்கிறார்கள். மூளை முடக்குவாதம் கையோடு நிற்பதில்லை. பலருக்கு நாக்கையும் உதட்டையும் சேர்த்து இறுக்கிவிடுகிறது. மூணாறில் குண்டளைப் பக்கம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான ஒரு லயத்தில் இருக்கும் என் மாணவியின் பேச்சு அவள் அம்மாவுக்கும் எனக்கும் விளங்கும், செல்போனுக்கு விளங்காது. அவள் எழுத வலது கை ஆள்காட்டி விரல் ஒன்றுதான் வழி. அதுவும் நினைத்த இடத்தில் சட்டென்று போய் இறங்காது.

அவளுக்கு ஒவ்வொரு விசையும் உடலுழைப்பு. அதனால் நான் விசைகளை எண்ணுகிறேன். 'மழை' என்று ஆங்கில எழுத்து வழியாக எழுத ஆறு விசை வேண்டும். தமிழ்99 என்ற தமிழ் விசைப்பலகை முறையில் ம, ழ, ஐ என்று மூன்றே போதும். 'தங்கம்' அங்கே ஏழு, இங்கே ஐந்து. ங-வை அடுத்து க வந்தால் புள்ளியை அதுவே வைத்துக்கொள்கிறது. 'அவள்' என்பதற்கு ஆங்கில வழியில் ஷிஃப்டையும் சேர்த்து அழுத்த வேண்டும். தமிழ்99-இல் ஷிஃப்ட் தேவைப்படுவது பெரும்பாலும் கிரந்த எழுத்துகளுக்குத்தான். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டில் உருவான இந்த அமைப்பு எல்லோருக்கும் பொதுவானது. ஆனால் அதன் அருமை ஒற்றை விரலால் எழுதுகிறவர்களுக்குத்தான் முழுதாகத் தெரியும்.

விரலும் வராதவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. திரையில் விசைப்பலகையின் வரிசைகள் ஒவ்வொன்றாக ஒளிரும். வேண்டிய வரிசை வரும்போது தலையாலோ முழங்கையாலோ ஒரு பொத்தானைத் தட்டினால், அந்த வரிசைக்குள் எழுத்தெழுத்தாக ஒளிரும். மறுபடி ஒரு தட்டு. ஸ்டீபன் ஹாக்கிங் கன்னத்தின் அசைவைக் கொண்டு எழுதியதும் இந்த வழியில்தான். அவருக்காக இன்டெல் செய்த மென்பொருளை 2015-இல் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டார்கள். ஆண்ட்ராய்டு போனிலும் இதற்கு 'ஸ்விட்ச் ஆக்சஸ்' வசதி இருக்கிறது. இப்படி எழுதுகிறவருக்கு மூன்று விசை மிச்சமானால் ஆறு தட்டும், ஒவ்வொன்றுக்கும் முன்னால் காத்திருக்கும் நேரமும் மிச்சம்.

பெரிய செலவும் கிடையாது. ஷிஃப்டை முதலில் தட்டிவிட்டு அடுத்த விசையைப் பிறகு தட்டவும், நடுக்கத்தில் இரண்டு முறை பட்டதை ஒன்றாகக் கொள்ளவும் விண்டோஸிலேயே வசதி உண்டு. பக்கத்து விசையில் விரல் படாமலிருக்க, விசைக்கு ஒரு துளையிட்ட பிளாஸ்டிக் தகட்டைப் பலகை மேல் பொருத்தினால் போதும்.

எங்கள் ஊரில் வேலை என்றாலே கைவேலை. கொழுந்தெடுக்கவும் கவாத்து வெட்டவும் கை வேண்டும். கை வராத பிள்ளையை 'பாவம், அது பாட்டுக்கு இருக்கட்டும்' என்று திண்ணையில் உட்கார வைத்துவிடுகிறோம். ஆனால் தோட்டத் தொழிலாளர் வீட்டு மாற்றுத்திறனாளிகளாலும் உழைத்துச் சம்பாதிக்க முடியும் என்று மூணாறில் உள்ள ஸ்ருஷ்டி என்ற அமைப்பு 1991 முதல் காட்டிவருகிறது. கும்பகோணத்தில் பிறந்த மாளவிகா ஐயர் 2002-இல் குண்டுவெடிப்பில் இரு கைகளையும் இழந்தவர். எஞ்சிய வலக்கை முனையில் துருத்தி நிற்கும் எலும்பையே விரலாக்கி டைப் செய்கிறார். அவர் டாக்டர் பட்டமே வாங்கிவிட்டார்.

பரீட்சையில் பிள்ளை சொல்வதைக் கேட்டு எழுத ஆள் தருகிறார்கள். பேச்சு விளங்காத பிள்ளைக்கு அந்த ஆள் எதைக் கேட்டு எழுதுவார்? டிஜிட்டல் வசதியை அணுகுவது வாழும் உரிமையில் சேர்ந்தது என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பு எங்கள் லயங்களுக்கும் வந்து சேர வேண்டும். பத்தாம் வகுப்பில் கணினியைக் கொடுத்தால் பழகுவதற்குள் பரீட்சை வந்துவிடும். மூன்றாம் வகுப்பிலேயே தமிழ்99 பலகையும் தகடும் பிள்ளையின் வீட்டுக்குப் போகட்டும். வீட்டுக்கு வரும் எங்களுக்கு அதில் பயிற்சி கொடுங்கள். பிள்ளை பழகிய அதே பலகையைப் பரீட்சை அறையிலும் அனுமதியுங்கள்.