குப்பம் என்றால் கேவலமா?



வகுப்பில் யாராவது கத்திச் சண்டை போட்டால், "சரியான குப்பத்துப் பசங்க" என்று சிலர் திட்டுவார்கள். நீங்களும் கேட்டிருப்பீர்கள். குப்பம் என்பது திட்டுகிற வார்த்தையா? அகராதியைப் புரட்டிப் பாருங்கள். குப்பம் என்றால் சிற்றூர். அவ்வளவுதான்! சென்னைக் கடலோரத்தில் மீனவர்கள் வாழும் பல ஊர்களுக்கு இந்தப் பெயர் உண்டு.

அவற்றில் ஒன்று, பெசன்ட் நகர் கடற்கரையை ஒட்டியுள்ள ஊரூர் ஆல்காட் குப்பம். அங்குள்ள பெரியவர்கள் கடலையே பாடமாகப் படித்தவர்கள். வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றுகளுக்குத் தனித்தனிப் பெயர் சொல்வார்கள். எந்தக் காற்றில் கடலுக்குப் போகலாம், எதில் போகக்கூடாது என்பது அவர்களுக்கு அத்துப்படி. இந்த அறிவைப் பற்றி உங்கள் பாடப் புத்தகத்தில் எத்தனை பக்கம் இருக்கிறது? எண்ணிப் பாருங்கள்.

அந்த ஊர்ப் பெயரில் உள்ள 'ஆல்காட்' யார் தெரியுமா? கர்னல் ஹென்றி ஆல்காட் என்ற அமெரிக்கர். அவருடைய நாட்டில் கறுப்பின மக்களை ஆடு மாடு போல விலைக்கு வாங்கி, விற்றார்கள். உள்நாட்டுப் போர் நடந்து, 1865-ல்தான் அந்த அடிமை முறை ஒழிந்தது. அந்தப் போரில் அடிமை முறையை எதிர்த்த லிங்கனின் அரசுக்காகப் பணியாற்றியவர் ஆல்காட். பிறகு இந்தியா வந்து அடையாறில் தங்கினார். இங்கே தீண்டாமையைச் சொல்லி, ஒதுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளைப் பல பள்ளிகள் சேர்க்கவே இல்லை. அவர்களுக்காக 1894-ல் இலவசப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். பெசன்ட் நகரில் உள்ள ஆல்காட் நினைவுப் பள்ளியின் தொடக்கம் அதுதான்.

அமெரிக்காவில் அடிமை முறை ஒழிந்த பிறகும் ஏளனம் ஒழியவில்லை. "கறுப்பர்களுக்கு என்ன வரலாறு இருக்கிறது?" என்று கேலி செய்தார்கள். கார்ட்டர் உட்சன் என்பவர் அதற்குப் பதில் தேடினார். அவருடைய அப்பா, அம்மா இருவரும் அடிமைகளாக இருந்தவர்கள். நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்த உட்சன், 20 வயதில்தான் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார். 1912-ல் ஹார்வர்டில் டாக்டர் பட்டமே வாங்கிவிட்டார்! தம் மக்களின் வரலாற்றைத் தேடித் தேடிச் சேர்த்தார். 1926 பிப்ரவரியில் ஒரு வாரத்தைக் கறுப்பின வரலாற்றுக்காக ஒதுக்கினார். 1976 முதல் அது மாதம் முழுக்கக் கொண்டாடப்படுகிறது. அதைப் பார்த்து நம் நாட்டிலும் 2015 முதல் ஏப்ரல் மாதத்தைத் தலித் வரலாற்று மாதமாகக் கொண்டாடுகிறார்கள்.

உட்சன் புரிந்துகொண்டது இதுதான்: யாருடைய கதை எழுதப்படவில்லையோ, அவர்களைப் பற்றி மற்றவர்கள் வாய்க்கு வந்ததைப் பேசுவார்கள்.

பெசன்ட் நகர் கடற்கரையில் வெள்ளை வளைவு போல ஒரு நினைவுச் சின்னம் நிற்கிறது அல்லவா? 1930-ல் பிறருக்கு உதவப் போய்க் கடலில் மூழ்கி இறந்த ஷ்மிட் என்ற டென்மார்க் நாட்டுக்காரருக்காக எழுப்பியது. நல்ல மனிதர், நினைவு கூர வேண்டியவர்தான். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் தத்தளித்தபோது, மீனவர்கள் தங்கள் படகுகளைத் தெருவுக்குள் கொண்டுவந்து மக்களை மீட்டார்களே, அவர்களுடைய பெயர்களை எந்தக் கல்லில் படிப்பது? அன்று படகில் ஏறியவர்களில் யாராவது, "குப்பத்துப் படகு வேண்டாம்" என்று சொல்லியிருப்பார்களா?

கல் நடுவது பெரியவர்கள் வேலை. எழுதி வைப்பதை நீங்களே செய்யலாம். குப்பத்தில் வசிக்கிறீர்களா? தாத்தாவிடம் காற்றின் பெயர்களைக் கேளுங்கள். மீன் விற்ற காசில் குடும்பத்தைக் காப்பாற்றிய ஆயாவின் கதையைக் கேளுங்கள். ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். வேறு இடத்தில் வசிக்கிறீர்களா? உங்கள் வகுப்பில் உள்ள மீனவ நண்பனிடம் கேளுங்கள். மகிழ்ச்சியாகச் சொல்வான்.

இன்னொன்று. அடுத்த முறை யாராவது 'குப்பம்' என்று சொல்லித் திட்டினால், சும்மா சிரித்துவிட்டுப் போகாதீர்கள். "அது ஓர் ஊரின் பெயர். அந்த ஊருக்கு ஒரு வரலாறு இருக்கிறது" என்று சொல்லுங்கள். சொல்வீர்கள்தானே?