விளக்கு அணைந்த பிறகும் ஏறுகிறார்கள்

சனிக்கிழமை இரவானால் கினிகத்தேனை நகரில் வேன்கள் வந்து நிற்கின்றன. வெளியே ஆடி மாதத்து அடைமழை. இறங்குகிற பிள்ளைகளின் காலில் ரப்பர் செருப்பு, கையில் போன். பிளேன்டீயை ஊதிக் குடித்துக்கொண்டே கேட்கிறார்கள்: "அண்ணே, நல்லதண்ணிக்கு நோர்ட்டன் பக்கத்தால போனா கிட்டவா?" கிட்டத்தான். ஆனால் மலையில் இப்போது விளக்கு இல்லை என்பதை அவர்களிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

டிசம்பர் உந்துவப் போயாவிலிருந்து மே மாத வெசாக் போயா வரைதான் சிவனொளிபாதமலைக்குச் சீசன். அந்த மாதங்களில் படி நெடுக மின்விளக்கு, தேநீர்க்கடை, பொலிஸ் காவல், முன்னும் பின்னும் ஆயிரக்கணக்கில் ஆள். வெசாக் கழிந்ததும் விளக்கு அணைகிறது, கடைகள் மூடப்படுகின்றன. இதை வெறும் சம்பிரதாயம் என்று நினைப்பவர்கள் நம்முடைய மழையை அறியாதவர்கள். தென்மேற்குப் பருவக்காற்று முதலில் வந்து மோதுவது இந்தச் சரிவில்தான். கினிகத்தேனைப் பக்கத்துக் கெனில்வர்த் தோட்டத்தில் மட்டும் ஆண்டுக்கு 5000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிறது. சீதகங்குலவில் ஓடை பெருகி, மகாகிரிதம்ப ஏற்றத்தில் படிகள் பாசி பிடித்து, மேலே 2243 மீட்டரில் காற்று ஆளைத் தள்ளும் காலம் இது.

1344இல் இந்த மலையில் ஏறிய பயணி இப்னு பதூதா நம் பிள்ளைகளைவிட முன்யோசனைக்காரர். கடலில் வரும்போதே இந்த மலை புகைத்தூண் போலத் தெரிந்தது என்று எழுதியவர், தனியாக ஏறவில்லை. ஆரியச் சக்கரவர்த்தி அவருக்குப் பல்லக்கும், வழி தெரிந்த யோகிகளும், சாமான் சுமக்க ஆட்களும் கொடுத்தனுப்பினார். அட்டை கடித்தால் பிழிந்துவிடத் தேசிக்காய் வைத்திருப்பதைக்கூட அவர் குறித்திருக்கிறார். பாறையில் தொங்கிய சங்கிலிகளில் பத்தாவதுக்கு அவர் சொன்ன பெயர் கலிமாச் சங்கிலி. அங்கிருந்து கீழே பார்ப்பவன் விழுந்துவிடுவோம் என்ற பயத்தில் கலிமா சொல்வானாம்.

இன்று சங்கிலிக்குப் பதில் கைப்பிடிக் கம்பி. தாய்லாந்தின் ரெய்லேயில் கடலோரச் சுண்ணாம்புப் பாறைகளில் ஏறுகிறவர்கள், உப்புக்காற்றில் எஃகு ஆணிகள் அரித்துப்போவதைக் கண்டு டைட்டானியம் ஆணிகளாக மாற்றினார்கள். தங்கள் உயிர் தொங்கும் இரும்பை அவர்களே தட்டிப் பார்க்கிறார்கள். மாதக்கணக்கில் மழையில் நனையும் நம் கம்பியை, சீசனுக்கு வெளியே, அதுவும் இருட்டில் நம்பிப் பிடிப்பவன் எதைத் தட்டிப் பார்த்தான்?

2023 ஜூலையில் அலகல்ல மலைக்குத் தனியாகப் போன டென்மார்க் பெண்ணைச் சில நாள் தேடிச் சடலமாகத்தான் எடுத்தார்கள். அது பகலில் ஊர் தெரியும் மலை. பாதமலையைச் சுற்றி இருப்பதோ அடர்ந்த சரணாலயக் காடு. பாதை தவறினால் கூப்பிடு குரல் எட்டாது.

மலையை மூடிவிடுங்கள் என்று நாம் கேட்கவில்லை. நல்லதண்ணியில் விடுதி நடத்துபவனுக்கும் ஆட்டோ ஓட்டுபவனுக்கும் சீசன் இல்லாத ஏழு மாதமும் அடுப்பெரிய வேண்டும். ஆனால் ஹோட்டன் சமவெளிக்கு டிக்கெட் இல்லாமல் போக முடியாதபோது, மழைக்காலத்துப் பாதமலைக்கு எத்தனை பேர் ஏறினார்கள், எத்தனை பேர் இறங்கினார்கள் என்று எழுதிவைக்க ஒரு கொப்பிகூட வேண்டாமா? அம்பகமுவ பிரிவுக்கு மண்சரிவு எச்சரிக்கை வந்தால் தோட்டத்து லயன்களில் உள்ளவர்களை எழுப்பிப் பாடசாலைக்கு அனுப்புகிறோம். அதே இரவில் வேன்களை மேலே போகவிடுகிறோம். எச்சரிக்கை இருக்கும் நாளில் பாதை மூடப்பட வேண்டும். அந்த அறிவிப்பு கினிகத்தேனைச் சந்தியிலேயே மும்மொழியிலும் தொங்க வேண்டும். நல்லதண்ணியில் போய்ப் படிப்பதால் பயனில்லை; அவ்வளவு தூரம் வந்தவன் திரும்பமாட்டான்.

1990க்கு அழைத்தால் அம்புலன்ஸ் வரும், படி தொடங்கும் இடம் வரை. அதற்கு மேல் போவது தோட்டத்துப் பையன்கள்தான். காலை முறித்துக்கொண்டவனைக் கம்பளியில் கட்டி, கம்பில் கோத்து, வழுக்கும் படிகளில் தோள் மாற்றி மாற்றி இறக்க வேண்டும். மறுநாள் காலை அவர்களுக்கும் தோட்டத்து வேலைக்குப் பேர் போட வேண்டும். இந்த மழை விடுவதற்குள், அவர்கள் கையில் ஒரு நல்ல ஸ்ட்ரெச்சரும் நாலு டோர்ச் லைட்டுமாவது கொடுத்துவையுங்கள்.