சிப்பாயைக் கேட்காத இலக்கியம்

டிம் ஓப்ரயனைப் பற்றிக் கோவையில் இதுவரை நான்கு கூட்டங்களில் கேட்டாகிவிட்டது. நான்கிலும் ஒரே பரவசம். வியட்நாமுக்குப் போன அமெரிக்கச் சிப்பாய் முதுகில் என்னென்ன சுமந்தான், ஒவ்வொன்றும் என்ன எடை, எந்தப் பெண்ணின் கடிதத்தை மடித்து மடித்துக் கிழித்தான் என்று 1990இல் அவர் எழுதிய புத்தகம் நல்ல புத்தகம்தான், மறுக்கவில்லை. ஸ்டட்ஸ் டெர்க்கல் இரண்டாம் உலகப்போருக்குப் போனவர்களையும் வீட்டில் இருந்தவர்களையும் ஒலிப்பதிவுக் கருவியோடு தேடிப்போய்ப் பேசவிட்டுத் தொகுத்ததும் (1984) நல்ல காரியம்தான். ஆனால் இவற்றைச் சிலாகிக்கிற நண்பர்கள் சிலாகிக்கும் விதம் இருக்கிறதே, அதுதான் என்னால் தாங்க முடியாமல் இருக்கிறது. யுத்தம் என்பது எங்கோ அயோவாவிலும் மினசோட்டாவிலும் பிறந்தவர்களுக்கு மட்டும் நேர்கிற அனுபவம் என்பது போலவும், நாம் அதற்குப் பொழிப்புரை எழுதப் பிறந்தவர்கள் என்பது போலவும் ஒரு தொனி. கூட்டம் முடிந்து டீக்கடையில் நிற்கும்போது அந்தத் தொனி இன்னும் கூடுகிறது.

அந்த டீக்கடையிலிருந்து சூலூர் விமானப்படைத் தளம் ஒரு பஸ் டிக்கெட் தூரம். மதுக்கரையில் ராணுவம் இருக்கிறது. மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறினால் வெலிங்டனில் மதராஸ் ரெஜிமெண்டின் மையம். அங்கே பயிற்சி முடித்து வெளியேறியவர்கள் கொங்கு கிராமங்கள்தோறும் இருக்கிறார்கள். பஞ்சாயத்து போர்டு வாசலில், ஏடிஎம் காவலில், மில் கேட்டில், சொந்தமாக இரண்டு ஏக்கர் மஞ்சளில். இவர்களில் ஒரு பகுதி, இப்போது அறுபதைத் தொட்ட அல்லது கடந்த பகுதி, 1987க்கும் 1990க்கும் இடையில் யாழ்ப்பாணத்திலும் திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் இருந்தது. இந்திய அமைதிப்படை என்று அரசாங்கம் பெயர் வைத்தது. இவர்களில் ஒருவரோடாவது ஒரு மணிநேரம் உட்கார்ந்து பேசியிருக்கிறோமா என்று கேட்டால் நம் வட்டத்தில் பதில் வராது. வேறு பேச்சு வரும்.

சரித்திரம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், சுருக்கிவிடுகிறேன். 1987 ஜூலை 29இல் ஒப்பந்தம். படை கப்பலிலும் விமானத்திலும் போய் இறங்கியது. மாலை போட்டு வரவேற்றார்கள். அக்டோபரில் மாலை போட்ட ஜனங்களின் தெருக்களிலேயே சண்டை. அந்த மாதம் 21ஆம் தேதி, தீபாவளி நாள், யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் படை புகுந்து சுட்டதில் டாக்டர்களும் நர்சுகளும் நோயாளிகளுமாக அறுபதுக்கு மேற்பட்டோர் செத்தார்கள். 1990 மார்ச் 24இல் கடைசிக் கப்பல் திருகோணமலையை விட்டுப் புறப்பட்டது. இந்தியத் தரப்பில் செத்தவர்கள் சுமார் 1,200 பேர். சென்னையில் இறங்கிய படையை வரவேற்கத் தமிழக முதலமைச்சர் கருணாநிதி போகவில்லை. அந்த முடிவை இன்றும் பெருமையாகச் சொல்கிறவர்கள் உண்டு, துரோகம் என்பவர்களும் உண்டு. அந்தக் கப்பலில் கோபிச்செட்டிபாளையத்துக்காரனும் இருந்தான், பெருந்துறைக்காரனும் இருந்தான் என்ற ஸ்தூலமான உண்மை மட்டும் இரண்டு தரப்புக்கும் தேவைப்படவில்லை.

இதே கோவையின் இரண்டு காட்சிகளை அருகருகே வைத்துப் பாருங்கள். 2009 மே மாதம், முள்ளிவாய்க்கால் எரிந்துகொண்டிருந்தபோது, நீலம்பூர் புறவழிச்சாலையில் ராணுவ வண்டிகளை மறித்துத் தாக்கினார்கள். இலங்கைக்கு ஆயுதம் போகிறது என்ற நம்பிக்கையில் வந்த கோபம். 2021 டிசம்பரில் சூலூரிலிருந்து கிளம்பிய ஹெலிகாப்டர் குன்னூர் அருகே விழுந்து முப்படைத் தலைமைத் தளபதி ராவத்தும் மற்றவர்களும் இறந்தபோது, உடல்கள் வந்த ஆம்புலன்ஸ்களின் மேல் மேட்டுப்பாளையம் சாலையில் ஜனங்கள் பூத்தூவி அழுதார்கள். இரண்டு உணர்ச்சியும் பொய் என்று நான் சொல்லவில்லை. இரண்டுக்கும் சிப்பாய் ஒரு வண்டிதான், உள்ளே ஆள் இல்லை என்கிறேன். அரசியல்காரனுக்கும் பத்திரிகைக்காரனுக்கும் அது போதும். இலக்கியக்காரனுக்கும் எப்படிப் போதுமானதாயிற்று?

நான் வங்கிக் குமாஸ்தா. ஆங்கில இலக்கியத்தில் ஒரு பி.ஏ. வாங்கிக்கொண்டு கவுண்டரில் உட்கார்ந்திருப்பவன். ராணுவ ஓய்வூதியமெல்லாம் இப்போது கணினி முறைக்குப் போய்விட்டாலும், நவம்பர் வந்தால் உயிரோடிருப்பதை நிரூபிக்க எங்கள் கிளைக்குத்தான் வருகிறார்கள். ரேகை தேய்ந்த விரலை மிஷின் நாலு தரம் நிராகரிக்கும். அந்தக் காத்திருப்பில் பேச்சு வரும். ஒருவர், ஹவில்தாராக ஓய்வு பெற்றவர், எங்கே எங்கே சர்வீஸ் என்று கேட்டதற்கு வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தார். சிலோன் என்றதும் நிறுத்தினார். நான் விடவில்லை. "அங்கயும் நம்ம பாசதானுங் தம்பி, அதுதான் செரமம்" என்றார்.

அவருடைய வேலை சோதனைச்சாவடியில் அதிகாரிக்குப் பக்கத்தில் நிற்பது. வருகிறவர்கள் தமிழில் சொல்வதை இந்தியில் சொல்லவேண்டும். இவருடைய இந்தி பட்டாளத்தில் கற்ற இந்தி. வருகிறவர்களுடைய தமிழோ யாழ்ப்பாணத் தமிழ். "பாதி வார்த்தை எனக்கே வெளங்காதுங். வெளங்குன மாதிரி சொல்லிப்போடுவேன். பின்னால ஆபீசர் நிக்கறாரு, வெளங்கலைன்னு சொல்ல முடியுங்களா. அவிங்க அழுதா அதை இந்தில எப்படிங் சொல்றது?" கொஞ்ச நேரம் கழித்து, "அதுல எவனுக்கு என்ன ஆச்சோ" என்று சொல்லிவிட்டு மிஷினில் மறுபடி விரலை வைத்தார். இந்தத் தடவை எடுத்துக்கொண்டது.

முப்பது நாற்பது வருஷமாக மொழி, மொழி என்று தலையை உடைத்துக்கொள்கிற இயக்கம் நம்முடையது. மொழியின் போதாமை, மொழிக்கும் அனுபவத்துக்கும் இடையிலான பிளவு, அமைப்பியல், அதற்குப் பின் வந்த இயல்கள், எல்லாவற்றுக்கும் சிறப்பிதழ் போட்டாயிற்று. ஒரு தமிழன் இன்னொரு தமிழனின் தமிழ் பாதி புரியாமல், புரிந்ததாக இந்தியில் சொல்லி, அந்த வார்த்தையின் பேரில் ஒருவன் லாரியில் ஏற்றப்பட்டிருக்கக்கூடும் என்ற சந்தேகத்தோடு முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் கம்பு விதைத்துக்கொண்டிருக்கிறான். அது நம் பிரக்ஞையில் ஒரு கீறல்கூடப் போடவில்லை. மதராஸ் ரெஜிமெண்டின் போர் முழக்கமே தமிழில்தான். வீர மதராஸி, அடி கொல்லு, அடி கொல்லு. அந்த முழக்கம் தமிழ் புரிகிற ஊரில் எப்படிக் கேட்டிருக்கும் என்று கற்பனை செய்ய நம்மில் ஒரு கவிஞன் இல்லை.

இதற்கு வரக்கூடிய முதல் ஆட்சேபம் எனக்குத் தெரியும். கொன்றவன் பக்கத்துக் கதையை எதற்குக் கேட்கவேண்டும், செத்தவர்கள் பக்கம் நில் என்பது. நல்லது. செத்தவர்கள் பக்கத்துச் சாட்சியம் இருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆசிரியர்கள் நால்வர் எழுதிய 'முறிந்த பனை'யில் படை செய்தது, புலிகள் செய்தது இரண்டும் பெண்களின் வாக்குமூலங்களோடு இருக்கிறது. அந்த நால்வரில் ஒருவரான ராஜினி திராணகம 1989 செப்டம்பரில் சுட்டுக்கொல்லப்பட்டார். சிப்பாய் வாய் திறந்தால் அந்தச் சாட்சியம் அழிந்துவிடாது, இன்னும் பலப்படும். யார் கதவைத் தட்டினான், யார் உத்தரவு போட்டான், யார் பார்த்துக்கொண்டு நின்றான் என்பது தட்டினவன் சொன்னால்தானே முழுதாகும்? கேட்பது மன்னிப்பதாகிவிடாது.

ஈழத்து எழுத்தாளர்களைப் பாருங்கள். இயக்கத்துக்குள் நடந்த கொலைகளைக் கோவிந்தன் 1985லேயே 'புதியதோர் உலகம்' என்று நாவலாக்கினார். புஸ்பராஜா 2003இல் தன் சாட்சியத்தை எழுதினார். ஷோபாசக்தி துப்பாக்கி தூக்கிய பையனைக் கதாநாயகனாக்காமலும் கழுவிவிடாமலும் எழுதினார். தமிழினியின் புத்தகம் அவர் இறந்தபின் 2016இல் வந்தது. தங்கள் பக்கத்து ரத்தத்தைத் தாங்களே பார்த்த எழுத்து இது. அதை நாம் இங்கே விமர்சனக் கூட்டம் போட்டுத் தராசில் நிறுத்தோம். நிறுத்த கையோடு நம் ஊரிலிருந்து போன துப்பாக்கியைப் பற்றி மூச்சு விடவில்லை. ஈழத் துயரம் நமக்கு அடுத்தவீட்டுத் துயரமாக இருக்கும்வரைதான் சௌகரியம் போலிருக்கிறது.

இரண்டாவது ஆட்சேபம் நம் வட்டத்துக்கே உரியது, ஆகையால் அதிக அசிங்கமானது. இலக்கியத்தரம். முன்னாள் ராணுவத்தார் சிலர் எழுதத்தான் செய்கிறார்கள். நோட்டுப் புத்தகத்தில், பிள்ளை டைப் செய்து கொடுத்த காகிதத்தில், உள்ளூர் அச்சகத்தில் முந்நூறு பிரதி போட்டு. எங்கள் கிளைக்கு வந்த ஒருவர் அப்படி ஒன்றை ஒரு சிற்றிதழுக்கு அனுப்பியிருக்கிறார். "அனுபவம் கலையாகவில்லை" என்று ஒரு வரித் தபால் வந்ததாம். இதழின் பெயர் வேண்டாம். அனுபவம் கலையாவதற்கு முன்னால் அனுபவமாகவாவது பதிவாகவேண்டும் என்ற சாதாரண விஷயம் அந்த ஆசிரியருக்கு எட்டவில்லை. ப. சிங்காரத்தை நாம் நடத்திய விதத்தையும் இங்கே சொல்லவேண்டும். இரண்டாம் யுத்தம் தென்கிழக்காசியத் தமிழர்களைப் புரட்டிப்போட்டதை உள்ளிருந்து எழுதிய 'புயலிலே ஒரு தோணி' 1972இல் வெளிவந்தது. வருஷக்கணக்கில் அதைச் சீந்தியவர் இல்லை. இப்போது அதைக் கொண்டாடுகிற குரல்களில் நாமும் இருக்கிறோம். கொண்டாட்டத்துக்கு அந்த மனிதர் செத்துத் தொலைக்கவேண்டியிருந்தது.

அதே யுத்தத்தில் காஞ்சிபுரம் பக்கத்துக் கிராமத்தில் பிறந்த சுபேதார் சுப்ரமணியன், மதராஸ் சாப்பர்ஸைச் சேர்ந்தவர், 1944 பிப்ரவரியில் இத்தாலியில் ஒரு கண்ணிவெடியின் மேல் தன் உடம்பைப் போட்டு மற்றவர்களைக் காப்பாற்றினார். ஜார்ஜ் கிராஸ் பெற்ற முதல் இந்தியர் அவர். இத்தாலியப் போர்முனையைப் பற்றி ஹெமிங்வே வழியாகத் தெரிந்துகொண்ட தலைமுறை நம்முடையது. அது முந்தைய யுத்தம் என்பதைக்கூடச் சிலர் கவனிக்கவில்லை.

புறநானூற்றை எடுத்துக்கொண்டு மேடை ஏறுகிறவர்களைப் பற்றிப் பேசவே கூச்சமாக இருக்கிறது. தொல்காப்பியம் நடுகல்லுக்குக் காட்சி, கால்கோள் தொடங்கி வாழ்த்து ஈறாக ஆறு துறை வகுத்திருக்கிறதாம். செத்தவனுக்குத்தான் அத்தனையும். பிழைத்துத் திரும்பி வந்து ராத்திரி தூங்காதவனுக்குத் துறை வகுத்திருந்தால் எனக்குத் தெரிவியுங்கள்.

வீட்டுப் பெண்களை யாரும் கணக்கிலேயே எடுப்பதில்லை. அந்த ஹவில்தாரின் மனைவி ஒருநாள் பாஸ்புக் பதிய வந்தவர், உட்காரச் சொன்னதும் பேசினார். 1987இல் கைக்குழந்தையோடு மாமியார் வீட்டில் இருந்திருக்கிறார். கடிதத்தில் ஊர்ப்பெயர் இருக்காது, ஏபிஓ எண்தான். ஊரில் மேடை போட்டு, யாழ்ப்பாணத்தில் பட்டாளத்தான் செய்கிற அக்கிரமத்தை மைக்கில் சொன்னார்கள். அடுத்த நாள் தண்ணிக்குழாயில், உன்ற ஊட்டுக்காரரும் அங்கதான் போயிருக்காராமா என்று ஒருத்தி கேட்டாள். "பஞ்சாப்புல இருக்கறாருன்னு சொல்லிப்போட்டேனுங். இன்னைக்கு வரைக்கும் எங்க ஊர்ல அவரு அப்ப பஞ்சாப்புலதான்." புருஷன் அங்கே என்ன பார்த்தார் என்று இவர் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. இருவரும் எனக்குத் தனித்தனியாகச் சொன்னதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருக்க மாட்டார்கள் என்றுதான் படுகிறது.

இதே கொங்கில் பவானிசாகரில் ஈழ அகதிகள் முகாம் இருக்கிறது, கோவைக்கு அருகே பூலுவப்பட்டியிலும் இருக்கிறது. அந்தச் சாவடிகளைக் கடந்து வந்தவர்கள் அங்கே கிழவிகளாக இருக்கக்கூடும். சாவடியில் நின்றவன் இருபது மைல் தள்ளித் தோட்டத்தில் இருக்கிறான். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 2000ஆம் வருஷத்திலிருந்து போர்வீரர்களையும் மாண்டவர்களின் குடும்பங்களையும் பேசவைத்துப் பதிந்து வருகிறது, ஒரு லட்சத்துக்கு மேல் சேர்ந்துவிட்டது. நமக்கு நூலகமும் வேண்டாம், லட்சமும் வேண்டாம். பாக்கெட்டில் இருக்கிற போனில் ஒலிப்பதிவு பொத்தான் இருக்கிறது. இந்தப் பத்திரிகை எட்டுப் பக்கம் ஒதுக்கட்டும். திருத்தாமல், கலையாக்காமல், அந்தத் தமிழிலேயே போடட்டும். போன இதழில் பன்னிரண்டு பக்கம் மொழிபெயர்ப்புக் கவிதைக்குப் போயிருக்கிறது.

இதற்குப் பதில் எழுதப்போகிறவர்கள் இருப்பார்கள், எழுதட்டும். என் அரசியல் என்ன என்று துப்புத் துலக்க வேண்டியதில்லை, நேரில் கேட்டால் சொல்கிறேன். பேனாவை எடுப்பதற்கு முன் தங்கள் தெருவில் ஒரே ஒரு ஆளிடம், எந்த வருஷம் சர்வீஸில் சேர்ந்தீர்கள் என்று கேட்டுவிட்டு வந்து எழுதட்டும்.