விசிறியின் பங்கு

வீட்டுக் கருவிகளின் மின்செலவைக் கணிப்பதற்குக் கருவி உறிஞ்சும் திறன், அது ஓடும் நேரம் ஆகிய இரண்டு எண்களே அடிப்படை. திறனை வாட் என்னும் அளவால் குறிப்பர். ஆயிரம் வாட் கருவி ஒரு மணி நேரம் ஓடினால் செலவாகும் மின்சாரமே ஈ.பி. அட்டையில் ஒரு யூனிட்டாக ஏறுகிறது. வாட் எண் கருவியின் மேல் அச்சிடப்பட்டிருப்பதால் கண்ணில் படுகிறது. நேரத்தை எவரும் எண்ணுவதில்லை. இராமநாதபுரம், இராமேஸ்வரம் கடற்கரை வீடுகளில் மின்கட்டணம் கூடும்போது பழி மிக்ஸியின் மேல் விழுவதற்கு அதன் இரைச்சலோடு இதுவும் காரணமாகலாம்.

750 வாட் மிக்ஸியை நாள்தோறும் பத்து நிமிடம் ஓட்டினால் இரண்டு மாதத்திற்கு ஏழரை யூனிட்தான் ஆகும். கடற்கரைப் புழுக்கத்தில் நாளுக்கு இருபது மணி நேரம் சுழலும் 75 வாட் கூரை விசிறியோ அதே காலத்தில் 90 யூனிட்டை எடுத்துவிடுகிறது. 2016 முதல் தமிழக அரசு வீடுகளுக்கு இரண்டு மாதத்திற்குக் கட்டணமின்றி வழங்கும் 100 யூனிட், இக்கரையில் ஏறக்குறைய ஒரே விசிறியின் பங்காகிவிடுகிறது. சுழலும் பகுதியில் நிலைக்காந்தம் பொருத்திய பி.எல்.டி.சி. விசிறிகள் ஏறத்தாழ 30 வாட்டில் ஓடுவதால் அவற்றுக்கு 36 யூனிட் போதும். இதே மாவட்டத்தின் கமுதியில் 2016இல் இயங்கத் தொடங்கிய 648 மெகாவாட் சூரிய மின்நிலையம், முழுத்திறனில் ஓடும் நண்பகலில் 75 வாட் விசிறிகள் 86 லட்சத்தைச் சுழற்ற வல்லது. விசிறி மிகவும் வேண்டப்படும் இரவில் அதனால் பயனில்லை என்பது வேறு செய்தி.

அச்சிட்ட எண்ணை நம்பாதவர்கள் மீட்டரையே சோதித்துப் பார்க்கலாம். மின்னணு மீட்டரில் விட்டுவிட்டு ஒளிரும் சிறு விளக்கு ஒரு யூனிட்டுக்கு எத்தனை முறை ஒளிரும் என்பது அதன் முகப்பில் பொறிக்கப்பட்டிருக்கும். பல மீட்டர்களில் அது 3200. மற்றவற்றை அணைத்துவிட்டு ஒரே கருவியை ஓடவிட்டால், நிமிடத்திற்கு நான்கு முறை ஒளிர்வது 75 வாட்டைக் குறிக்கும். குளிர்பதனப் பெட்டிக்கு இது ஒத்துவராது. அதன் கம்ப்ரசர் நின்று நின்று ஓடுவதால், நட்சத்திர முத்திரையில் உள்ள ஆண்டு யூனிட்டை ஆறால் வகுப்பதே எளிது.

ஏ.சி.யின் முத்திரையை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஆண்டுக்கு 1600 மணி நேரம் ஓடுவதாகக் கொண்டு அதிலுள்ள எண் கணிக்கப்பட்டிருக்க, இரவுக்கு எட்டு மணி நேரம் ஓட்டும் வீடு 200 இரவுகளிலேயே அந்த அளவை எட்டிவிடும். மேலும் வெளியே பொருத்தப்படும் பகுதியின் மெல்லிய அலுமினியத் தகடுகளை உப்புக்காற்று அரித்துவிட்டால், வெப்பம் வெளியேறத் தடை உண்டாகி, அதே குளிர்ச்சிக்குக் கம்ப்ரசர் கூடுதல் மின்சாரம் இழுக்கிறது. பாம்பன், தங்கச்சிமடம் போன்ற ஊர்களில் இத்தேய்மானத்தையும் கணக்கில் சேர்க்காமல் தீராது.

இரண்டு மாத நுகர்வு 500 யூனிட்டைத் தாண்டாதவரை 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குச் சலுகை விலை உண்டு. 501ஆம் யூனிட் ஏறியதும் அச்சலுகை நீங்கி, அந்த நூறு யூனிட்டுக்கும் கூடுதல் விலை விழும். ஏ.சி. உள்ள வீட்டார் ரீடிங் எடுப்பதற்கு முந்தைய வாரத்தில் மீட்டரைப் பார்த்து, எஞ்சிய யூனிட்டை எஞ்சிய இரவுகளால் வகுத்துக்கொள்வது இதனாலேயே பயன்தரும்.